நட்சத்திரங்கள் அழுததாகச் சொன்ன வரி

முக்லத்தைப் புதைத்த மண் காய்வதற்குள் அவனுடைய உறவுக்காரர்கள் பஸ்ராவிலிருந்து பாக்தாத்துக்கு வந்து இறங்கிவிட்டார்கள். இரங்கற்பா பாடாமல் துக்கம் கலையக் கூடாதென்றார்கள். அவன் மனைவி ரைத்தா, துகைன் என்ற புலவனுக்கு ஆள் அனுப்பினாள்.

"உங்க வீட்டுக்காரர் வாள் சுத்துவாராம்மா?"

"எழுதுகோல் சீவுற கத்திதான் பிடிப்பாரு."

"ஒட்டகம் அறுத்து விருந்து கிருந்து?"

"ஆள் வந்தா, கணக்குல இருக்கேன்னு கதவைச் சாத்திக்குவாரு."

துகைன் தாடியைச் சொறிந்தான். "பின்னே என்னதான் செஞ்சாரு?"

மாடியேறி நட்சத்திரங்களை அளந்தார். கிரேக்கர்கள் எழுதிவைத்ததில் பிழை தேடினார். பிழை அகப்பட்ட அன்று மட்டும் வயிறாரச் சாப்பிட்டார். இதைச் சொன்னாள்.

"நட்சத்திரமா? அது போதும்," என்று எழுந்துகொண்டான் புலவன்.

மறுவாரம் கூடம் நிறைய ஆண்கள். திரைக்குப் பின்னால் ரைத்தா. உன்னைக் காணாமல் கார்த்திகை மீன்கள் கண்ணீர் விட்டன என்று துகைன் பாடியதும் உறவுக்காரர்கள் விம்மினார்கள். முக்லத்தோடு கிரேக்க நூல்களை மொழிபெயர்த்த தவ்மா மட்டும் எழுந்து நின்றார்.

"நிறுத்துப்பா. வானத்துல இருக்கறது எதுவும் மாறாது, அழாது. அவன் ஆயுசு முழுக்கச் சொன்னதே அதுதான். அவன் சாவுலேயே அவனைப் பொய்யாக்கறியே?"

"நட்சத்திரம் அழலைன்னா இதுக்குப் பேரு பாட்டா, ஐயா? கணக்கு."

கூடம் இரைந்தது. கொழுந்தன் திரைப்பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க அண்ணி. அந்த வரி இருக்கட்டுமா, எடுத்துடலாமா?"

அந்த வரி பொய்யென்று ரைத்தாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கணவன் போனபிறகு அந்த வரியில்தான் முதன்முதலாக அவளுக்கு அழுகை வந்தது.

"அளக்கும்போது அவரே பாடுவாரு, அண்ணே," என்றாள் தவ்மாவிடம். "பாலைவனத்துப் பழம்பாட்டு. அதுலயும் நட்சத்திரமெல்லாம் அழும்."

"முக்லத்தா? என்கிட்ட சொன்னதே இல்லையே." தவ்மா மெல்ல உட்கார்ந்தார். "நம்பித்தான் பாடினானா தங்கச்சி?"

"தெரியலை அண்ணே. நான் கேட்டதில்லை."

கொழுந்தன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தலையசைத்தான். புலவன் தொடர்ந்தான். அளந்த கணவனுக்காக அழுகிறோமா, பாடிய கணவனுக்காக அழுகிறோமா என்று புரியாமலே ரைத்தா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.