பட்டம் பிடிக்கிற வேலை

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துப் பனிக்காற்று குன்றின் மேல் ஏறி வந்து, ஆள் பார்க்காமல் அறைந்துகொண்டிருந்தது. ஹெசகாயாவும் அவன் மனைவியின் தம்பி கார்லண்டும் பாறை இடுக்கில் குதிங்காலை ஊன்றி, பட்டத்தின் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றார்கள். நானூறு அடி உயரத்தில் துணிப்பட்டம். அதிலிருந்து இறங்கிய செப்புக்கம்பி பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் ஜன்னலுக்குள் போனது. உள்ளே ஒரு கனவான், இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி, கம்பியில்லாத் தந்தியாய் ஆகாயத்தில் வரப்போகும் மூன்று 'டிக்' சத்தத்துக்காகக் காதில் குழலோடு உட்கார்ந்திருந்தார்.

"மூணு டிக்குக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டுக் கடியாரத்துல வேணுங்கிற மட்டும் இருக்கே" என்றான் ஹெசகாயா.

"அது நின்னு ரெண்டு வருசமாச்சு மச்சான்."

நேற்று ஒரு பட்டம் அறுந்து கடலோடு போயிற்று. பிடித்திருந்த இருவரையும் மேஸ்திரி அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீன் காலம் முடிந்த டிசம்பர். கிறிஸ்துமஸ் வரை இந்த வேலை நிலைத்தால்தான் ஹெசகாயாவின் வீட்டு மாவுப் பீப்பாய்க்கு அடி தெரியாது.

பட்டம் திமிறியது. அவன் கை தானாகக் கயிற்றை நெகிழ விட்டது. பெரிய மீன் இழுத்தால் விட்டுப் பிடிப்பது முப்பது வருடப் பழக்கம்.

"ஏய், அது மீனில்ல!" மேஸ்திரி கத்தினார். "ஒரு கெஜம் ஏறி எறங்கினாலும் உள்ள ஐயாவுக்குச் சத்தம் செத்துப்போவுது. இன்னொரு வாட்டி விட்டே, கெளம்பு!"

உள்ளங்கையில் மாட்டியிருந்த கம்பளி வளையங்கள் பனிபிடித்த கயிற்றில் வழுக்கின. தூண்டில் கயிறு அறுக்காமலிருக்க மனைவி பின்னித் தந்தவை. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வெறுங்கையில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான்.

"மச்சான், கை போயிரும்."

"போனா நல்லதுதான். ஒங்கக்கா இனிமே வெறகு பொளக்கச் சொல்லமாட்டா."

மூன்று மணி நேரம். ஒரு சாண்கூட அவன் விடவில்லை. கடைசியில் ஜன்னலுக்குள் கைதட்டல் கேட்டது. வந்துவிட்டதாம்.

மறுநாள் காலை, ஐயா அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்க வேண்டுமாம். மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிறுத்தினார். "கையக் காட்டு."

ஹெசகாயா துணிக்கட்டை அவிழ்த்தான். "நேத்து விடாமப் பிடிச்சது நாந்தாங்க."

"தெரியும். நல்லாத்தான் பிடிச்சே. இந்தக் கை இன்னைக்கு நிக்காது. அடுத்த ஆளு!"

அவன் வீட்டுக்குப் போகவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றான்.

மேஸ்திரி கயிற்றுச் சுருளைக் கையிலெடுத்தார். ஹெசகாயாவின் உள்ளங்கைத் தோல் அதில் உறைந்து ஒட்டியிருந்தது. புது ஆளுக்கு வழுக்கக் கூடாதே என்று, பேனாக்கத்தியால் அதைப் பொறுமையாகச் சுரண்ட ஆரம்பித்தார்.