அடிக்குழாயில் அப்பிய சந்தனம்

அந்தச் சாம்பல்நிறத் துவிச்சக்கரவண்டியில் குறை ஒன்றும் தென்படவில்லை என்பதே அனீஸாவுக்குப் பெருங்குறையாகப் பட்டது.

திருநெல்வேலியில், பலாலி வீதியோரமாக இருந்த பார்த்தீபனின் சைக்கிள் கடையில் அவள் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். விதை விற்கும் நிறுவனமொன்றின் களப் பணியாளர் அவள். நகரத்திலுள்ள வீட்டிலிருந்து சண்டிலிப்பாய் வரை தார்வீதியில் ஓடி, பின்னர் கல்லொழுங்கையில் குலுங்கி, ஈற்றில் வெங்காயத் தோட்டத்துச் செம்மண் வரம்பில் இறங்க வேண்டும். மூன்றுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய, தன் சம்பளத்துக்கு அடங்கிய ஒரு மவுண்டன் சைக்கிளைத் தேடி வந்திருந்தாள். முன்பு ஓடிய பழைய வண்டி வரம்பின்மேல் வைத்துக் கழுத்து முறிந்து அவளைக் குப்புறத் தள்ளியது. வலக்கை மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்து வேலைக்குத் திரும்பியவளிடம், இன்னொரு முறை விழுந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டிவரும் என்று மேலாளர் சிரித்தபடியே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

கடையில் அவளுடைய வசதிக்கு எட்டியவை மூன்று. முதலாவதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருந்தது. பார்வைக்கு வீரமாக நின்ற அந்த வண்டி, ஏறி உழக்கியதும் ஊஞ்சலைப்போல ஆடி, கால் கொடுத்த பலத்தில் பாதியைத் தானே விழுங்கியது. இரண்டாவது நீலம், பாரமானது, ஆணிகளில் துரு. மூன்றாவதுதான் இந்தச் சாம்பல்நிறம். முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங். தாருக்கும் மண்ணுக்கும் நடுவான ரயர். இரு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக். உயரமும் அவளுக்கு அளந்து செய்ததுபோல இருந்தது. விலையோ நீலத்தைவிடக் குறைவு.

"உதைவிட நல்லது உங்களுக்குக் கிடையாது, தங்கச்சி," என்றான் பார்த்தீபன்.

"நல்லதெண்டா ஏன் அண்ணை இவ்வளவு மலிவு?"

"கனடாவுக்குப் போற பெடியன் ஒருத்தன் வித்திட்டுப் போனவன். பிளேனிலை சைக்கிளையும் கொண்டுபோகேலுமே?"

"போற அவசரத்திலையும் பெயின்ற் மினுக்கிப்போட்டுத்தான் போயிருக்கிறான் போல."

பார்த்தீபன் தாரிகாவைத் திரும்பிப் பார்த்தான். "உவ என்ன, பொலிசிலையோ வேலை?"

சுன்னாகத்திலிருந்து துணைக்கு வந்திருந்த தாரிகா, அனீஸாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். "ஒப்பீசிலை தேத்தண்ணியையும் மணந்து பாத்துத்தான் குடிப்பா," என்றாள்.

அனீஸா சிரிக்கவில்லை. அவள் குந்தியிருந்து வண்டியை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாண்டிலில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். இருக்கையின் கீழே இன்னொன்று. மூன்றாவதைப் பொட்டு என்று சொல்ல முடியாது. பிறேமின் அடிக்குழாய் கழுத்தோடு சேரும் மூட்டில், முன்சில்லுக்கு நேர் பின்னே, ஒருவரும் பார்க்காத கீழ்ப்புறத்தில், சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது. அவளுடைய பழைய வண்டி முறிந்ததும் அதே மூட்டில்தான்.

"அங்கை ஏன் சந்தனம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆயுதபூசைக்கு வைச்சிருப்பினம்," என்றாள் தாரிகா. "எங்கடை வீட்டிலை தண்ணி இறைக்கிற மெசினுக்கும் வைக்கிறது."

"மெசினுக்கு அடியிலையோ வைக்கிறியள்? உதைக் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. ஆர் பாக்க வைச்சது?"

"சாமி பாக்க."

"ஒருக்கால் துடைச்சுப் பாப்பமே, தாரிகா?"

தாரிகாவின் முகம் மாறிவிட்டது. "உனக்கென்ன விசரே? பூசையிலை வைச்சதை நாங்களா அழிக்கிறேல்லை. அதுவா உதிரவேணும்."

பார்த்தீபனும் அருகே வந்தான். "அதிலை மட்டும் கை வையாதேங்கோ, தங்கச்சி."

கடையில் பல்கலைக்கழக மாணவர் இருவர் நின்றனர். முதியவர் ஒருவர் தம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அனீஸாவின் குடும்பம் போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் காலம் கழித்து, மீண்டுவந்து குடியேறிய குடும்பம். ஒரு முஸ்லிம் பெட்டை பூசைச் சந்தனத்தை அழித்தாள் என்ற கதை, அவள் தன் வீடிருக்கும் ஐந்துசந்தியை அடையுமுன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். துடைத்தால் அந்தப் பழி. துடையாமல் வாங்கினால் மீண்டும் மாவுக்கட்டும், போன வேலையும். இந்தச் சந்தனத்தை வைத்தவன் எவனோ, அவன் இதையெல்லாம் எண்ணித்தான் வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. பக்தியுள்ளவர் தொடமாட்டார்; பக்தியில்லாதவர் தொட அஞ்சுவார்.

அவள் எழுந்தாள். "ஓடிப் பாக்கலாமோ, அண்ணை?"

"தாராளமா. றோட்டாலை ஒரு சுத்து வாங்கோ."

அவள் வீதியால் போகவில்லை. கடையை ஒட்டிய ஒழுங்கைக்குள் திருப்பினாள். கார்த்திகை மழையில் ஒழுங்கை முழுவதும் செம்மண் வெள்ளம்.

"அதுக்காலை விடாதேங்கோ, வெள்ளம் நிக்குது," என்று பின்னால் பார்த்தீபனின் குரல் கேட்டது.

"நான் போற வரம்பெல்லாம் வெள்ளந்தான், அண்ணை," என்றாள் அவள், திரும்பாமலே.

அந்த வண்டிக்கு மட்காட் இல்லை. முன்சில்லு வெள்ளத்தை அள்ளி அள்ளி அடிக்குழாயில் வீசிற்று. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, போதாதென்று மீண்டும் ஒருமுறை அவள் அதே பள்ளத்தில் இறக்கினாள். ஏறும் இடங்களில் கியர் தயங்காமல் மாறியது. பிறேக் இழுத்த இடத்தில் வண்டி நின்றது. அந்த நற்குணங்கள் ஒவ்வொன்றும் அவளுடைய ஐயத்தை மேலும் வளர்த்தன.

கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் விலகி நின்றாள். குனிந்து பார்த்தவள் தாரிகா.

சந்தனம் கரைந்து வழிந்திருந்தது. அது மூடியிருந்த இடத்தில், விரலளவு தடிப்பாக, இரும்பு பற்றவைத்த ஓர் ஒட்டுத் தழும்பு மூட்டைச் சுற்றி ஓடியது. மேலே பூசிய சாம்பல்நிறம் மற்ற இடத்து நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சியிருந்த சந்தனத்தைத் தாரிகா தன் சால்வை நுனியால் தானே துடைத்தாள். குழாயில் விழுந்திருந்த வெடிப்பின் வால் அந்தத் தழும்பையும் தாண்டி நீண்டிருந்தது.

"இதுக்கோ அண்ணை பொட்டு வைச்சனீங்கள்?" தாரிகா பார்த்தீபனிடம் திரும்பினாள். "நான் இவளையெல்லோ ஏசினனான். சாமியைக் காவலுக்கு வைச்சோ களவு செய்யிறியள்?"

பார்த்தீபன் முழங்காலிட்டு நெடுநேரம் பார்த்தான். "பிள்ளையாராணை, நான் வைக்கேல்லை. வாங்கேக்கையே உப்பிடித்தான் இருந்தது. பூசைக்கு வைச்சது எண்டு நானும் தொடேல்லை."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். காற்றடித்த முதியவர் பம்பைக் கீழே வைத்தார். அனீஸா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ஏமாற்றப்பட்டவனாகவும் இருக்கலாம். ஏமாற்றப்பட்டவனைப்போல் நடிக்கத் தெரிந்தவனாகவும் இருக்கலாம். சொன்னது மெய்யானால், அவளை மீண்டும் குப்புற விழவைத்திருக்கக்கூடிய வண்டியை ஒருமுறை தடவிப் பாராமலே விற்க இருந்தான். எப்படிப் பார்த்தாலும் அவனை மன்னிக்கும் இடம் அவளுக்குக் கிட்டவில்லை. ஆனால் வேலைக்குப் போக வண்டி வேண்டும்.

"உந்த நீலத்தைக் கவிட்டு வையுங்கோ, அண்ணை," என்றாள். "ஈரத்துணி ஒண்டும் தாங்கோ."

அவன் வண்டியைக் கவிழ்த்து வைத்து, துணியையும் நனைத்துக் கொடுத்தான். அவள் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மூட்டுகளை நகத்தால் சுரண்டினாள். ஆணித் துருவை விரலால் தேய்த்து, மேல்துருதான் என்று கண்டாள். தழும்பு எங்கும் இல்லை. பிறகு வண்டியை நிமிர்த்தி, மீண்டும் ஒழுங்கைப் பக்கம் திருப்பினாள்.

"அதுக்குத்தான் பொட்டே இல்லையேடி," என்றாள் தாரிகா.

"அதாலைதான் பயமாயிருக்கு," என்று சொல்லி, அனீஸா பெடலில் ஏறி நின்று வெள்ளத்துக்குள் இறக்கினாள்.