மூலைக்கொரு மூட்டை

அக்காவைக் கிடத்த இடம் வேண்டும் என்று, கூடத்து மூலைகளில் இருந்த புளி மூட்டைகளைச் சக்கரவர்த்தி வெளியே இழுத்து வந்து, தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"அப்டி ஒரே குமியா போடாதீங்க தம்பி," என்றாள் கலைவாணி. இருபது வருஷமாக அவன் அக்கா தேவயானியோடு உட்கார்ந்து புளி தட்டுபவள். காலையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது தேவயானி சாய்ந்து உயிர் விட்டதும் இவள் மடியில்தான். "ஓடு எங்க ஒழுகும்னு யாருக்குத் தெரியும்? நனைஞ்சா ஒண்ணு நனையட்டும்னு மூலைக்கொண்ணாதான் வெப்பாங்க அக்கா."

அவனுக்குச் சுருக்கென்றது. அக்காவின் இந்தப் புத்தியால்தானே மூன்று வருஷமாக மனசு விட்டுப்போயிருந்தது.

திருப்பத்தூரில் ஒரு மியூச்சுவல் பண்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் ஆளாக அக்காவிடம்தான் வந்தான். "மாசம் பத்தாயிரம் போடுக்கா. எல்லாம் எங்க கம்பெனிலயே." அவள் வெல்லக் காப்பி கொடுத்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள். மீதியை வேறு மூன்று கம்பெனிகளில் பிரித்துப் போட்டது பிறகு தெரிந்தது. "உங்க அக்காவே உங்கள முழுசா நம்பலியே," என்று மேனேஜர் சிரித்தார். அதன்பின் அக்கா இருக்கும் இந்த மலையூருக்கு வந்தால் நின்ற காலோடு பார்த்துவிட்டு இறங்கிவிடுவான்.

அப்புறம் அவன் விற்ற பண்டு சரிந்தது. அவன் பேச்சைக் கேட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் எடுத்திருப்பாள் என்றே நினைத்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் பேரைத் தட்டிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

"இன்னா மியூச்சுவல் பண்டு, எப்ப வந்த?" மாலையோடு வந்தார் ராஜேந்திரன் மாமா. "ஒன்ன நம்பி மொத்தத்தையும் போட்டேன் நானு. நாலு எடத்துல போட்டா பாரு, அவதான் பொழச்சா." சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

கலைவாணி செல்போனை நீட்டினாள். "அக்காவுது. காலையிலேர்ந்து டிங்கு டிங்குனு அடிச்சிக்கினே கீது. இன்னான்னு பாருங்க."

பத்தாம் தேதி, மாசத் தவணை கழியும் நாள். வங்கியிலிருந்து நான்கு செய்திகள். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்து ஐந்நூறு கழிந்திருந்தது. மூன்றாவதில் அவனுடைய கம்பெனியின் பெயர்.

"இத அக்கா நிறுத்தவே இல்லியா?"

"நானே கேட்டேன் தம்பி. எறங்குதாமே, எடுத்துடுக்கான்னு. ‘மத்த மூணும் நிக்குதுடி. அதனாலதான் அவனுத தொடாம வுட முடியுது. எல்லாத்தையும் அவன்கிட்டயே குடுத்திருந்தா, நானும் ஊரோட சேந்து காசு கேட்டு அவன் எதிர்ல நின்னிருப்பேன். அப்புறம் அவனுக்கு அக்கான்னு யாரு இருப்பா’ன்னாங்க."

அக்காவின் விரல் இடுக்குகளில் புளியின் கறுப்பு அப்படியே இருந்தது. எட்டாவதோடு நின்றவள். பணத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்று அவனும் பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறான். எதைக் காப்பாற்ற என்று அங்கே யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கூடம் கழுவி ஈரம் காய்ந்திருந்தது. சக்கரவர்த்தி மூட்டைகளை உள்ளே இழுத்தான்.

"அங்கியே ஒரு தார்ப்பாயப் போட்டு மூடாம, இன்னாடா மூல மூலயா இழுத்துக்கினு கீற?" என்றார் மாமா. "கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சி பாரு."

அவன் கடைசி மூட்டையை மூலையில் சாய்த்துவிட்டு, அதை ஒட்டியே தரையில் உட்கார்ந்தான். ஓட்டின்மேல் தூறல் விழுந்தது. வெளியே பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

கலைவாணி காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.