கிள்ளானுக்குப் போன அம்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில், விஜயதசமியன்று பிற்பகல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சூளையடி மாரியம்மன் கோயிலில் அசுரனைக் கொல்ல விட்ட அம்பு, எதிரே அசுரனாக நின்ற வாழைமரத்தைத் தொடாமல் இடது பக்கம் திரும்பி, ரயில் பாதையைப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் கிள்ளான் போய்ச் சேர்ந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, சரக்கு ரயிலின் வேகம்தான். பெட்டாலிங்கில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். பத்து தீகா ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்த யாழ்ப்பாணத்துத் தியாகராசா பச்சைக்கொடி காட்டி அனுப்பிவைத்தார். பிற்பாடு மேலிடத்தில் விசாரித்தபோது, "அம்மன்ர சாமான் வருகுது எண்டா லைனை விடத்தானே வேணும்? வேற என்ன செய்யிறது?" என்று கேட்டார். அம்பு கிள்ளான் ஆற்றோரம் வாத்து வளர்த்துவந்த வீரம்மாவின் வீட்டு நிலைக்காலில் போய்த் தைத்தது. அவள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முட்டைக் கூடை மாட்ட ஓர் இடமாயிற்று என்று கூடையை மாட்டினாள்.

அம்பைச் செய்தவர் ரெங்கசாமி. ரயில் யார்டில் பெட்டிகள் பழுது பார்க்கும் தச்சர். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகாதவர். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் கதவின் கீலைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு இருந்தது. பொய் இல்லை, கீல் உண்மையிலேயே கோணலாக இருந்ததாம். வருஷத்துக்கு ஓர் அம்பு செய்வது அவருடைய கோயில் பணி. நீபோங் என்னும் காட்டுப்பனையின் வைரம் பாய்ந்த வெளிப்பட்டையைக் கீறி, இழைத்து, தணலில் வாட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக் கட்டைவிரலால் நிமிர்த்துவார். நுனியைச் சீவி, கறுக்காமல் தீயில் காட்டி இறுக்குவார், இரும்பு கிடையாது. சொரசொரப்பான காட்டு இலையால் கண்ணாடிபோலத் தேய்ப்பார். மஞ்சளில் ஒரு பட்டை, விளக்குக் கரியைப் பிசினில் குழைத்து ஒரு பட்டை, பிரம்புக் காயில் வடியும் சிவப்புப் பிசினில் ஒரு பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெயில் உருக்கிய குங்கிலியம். கடைசியில் இறகு. மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். வலதும் இடதும் கலந்தால் அம்பு குடித்தவன்போலத் தள்ளாடும். புளியங்கொட்டைப் பசையில் இறகை ஒட்டி நூல் சுற்றும்போது ஒரு கை அம்பை உருட்டும், மறு கை இறகைப் பிடிக்கும், ஆகவே நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே ஆக வேண்டும். சாமிப் பொருளில் எச்சில் படலாமா என்றால், அதற்கும் ஒரு விதி உண்டு. விடிந்ததும் துளசித் தண்ணீரில் வாய் கொப்பளித்து, நூல் சுற்றி முடியும்வரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் அந்த வாயில் எச்சில் இல்லை என்று கணக்கு.

இறகு வீரம்மாவிடமிருந்துதான் வரும். அவள் புருஷன் காப்பார் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் போனபின், அவள் தோட்டத்தை விட்டு வெளியேறி வாத்துகளோடு கிள்ளானில் குடியேறினாள். பாசாரில் முட்டை விற்பாள். உதிர்ந்த இறகைத் தொட்டுப் பார்த்தே இது வலது, இது இடது என்று பிரித்துப் போட்டுவிடுவாள். ரெங்கசாமியை, எல்லாரையும் கூப்பிடுவதுபோல, 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். மூன்று இறகு வாங்க ஒருவர் ஏன் வருஷத்தில் எட்டுத் தடவை ரயில் ஏறி வர வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. அந்த வருஷம் இறகுக் கட்டைப் பிரித்தபோது உள்ளே வாழையிலையில் பொதிந்த ஓர் உப்பு முட்டை இருந்தது. ரெங்கசாமி துளசித் தண்ணீர் கொப்பளித்த வாயால் "வீரம்மா" என்றார். ஒரே சொல்தான். பக்கத்தில் யாரும் இல்லை, கேட்கவும் இல்லை. நூலைப் பல்லில் கடித்துச் சுற்றிவிட்டார்.

அம்பு தைத்தால்தான் வாழையை வெட்டுவார்கள். வாழை விழுந்தால்தான் அசுரன் செத்தான். அசுரன் சாகாமல் அம்மன் கோயிலுக்குள் திரும்ப முடியாது. ஆகவே அம்மன் அந்த வருஷம் முழுவதும் முற்றத்திலேயே இருந்தாள். தினமும் மழை பெய்தது. கூரை போட்டால் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று, ஆட்கள் முறை வைத்துக் குடை பிடித்தார்கள். வெட்டுப்படாத வாழை சும்மா இருக்குமா? வேர் விட்டு, குலை தள்ளிற்று. ஒவ்வொரு காயிலும் மெல்லிசாக ஒரு மீசை. பழுத்த பிறகும் மீசை உதிரவில்லை, ஆடுகூட அதைத் தின்னவில்லை. மறு வருஷம் ரெங்கசாமி முன்னதாகவே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேசவில்லை. ஆனால் சொல்லாத பெயரும் வாய்க்குள் இருந்த பெயர்தானே. அம்பு மறுபடியும் கிள்ளானுக்கே போயிற்று. இந்தத் தடவை பத்து தீகாவில் கோலாலம்பூர் வண்டி அதற்காக ஒதுங்கி நின்றது. வீரம்மா இரண்டாவது அம்பை வாத்து மேய்க்க வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பின் இறகு வாங்கப் போன ரெங்கசாமியை அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. "வந்தாச்சா?" என்று வாத்துகளைப் பார்த்துக் கேட்பாள்.

கோயில் தலைவர் பக்கிரிசாமி மாட்டுவண்டிக் கண்டிராக்டர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவரே வெற்றிலைத் தட்டோடு கிள்ளானுக்குப் போய், சேற்றில் நின்றபடி ரெங்கசாமியின் மனசையும் அம்மன் வெளியே நிற்பதையும் சொன்னார். வீரம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது.

"என்னது, ரெண்டு வருசமா அம்மா மழையிலயா நிக்கிறா? ஏன்யா மொதல்லயே வந்து சொல்லல?"

அடுத்த விஜயதசமிக்கு அவள் ஒரு கூடையில் இரண்டு வாத்துகளோடு ரயிலேறி வந்து, வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பூசாரி வில்லை வளைத்தார். அம்பு நேராகப் போய், மீசை வைத்த வாழையை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, அவள் ஏந்திய முந்தானையில் விழுந்தது. வாழை வெட்டுண்டது. அம்மன் உள்ளே போனாள், மழையும் நின்றது. அடுத்த தையில் ரெங்கசாமிக்கும் வீரம்மாவுக்கும் அதே கோயிலில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டும்போது முடிச்சை மூன்று தடவை சரிபார்த்தார்.

நல்ல குடித்தனம். இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போனார்கள். வருஷா வருஷம் அவர் அம்பு செய்வார், அவள் வாழைக்குப் பின்னால் நின்று முந்தானையில் வாங்குவாள். ஆனால் ரெங்கசாமிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. எப்படி இந்த மனுஷனைக் கட்டினாய் என்று யாராவது வீரம்மாவைக் கேட்டால், அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "அம்மா மழையில நிக்கக் கூடாதேன்னு வந்தேன் லா." கேட்டவர்கள் சிரிப்பார்கள், ரெங்கசாமியும் சிரிப்பார். சிரித்துவிட்டு யார்டுக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பலகையை இழைப்பார். இவள் அம்மனுக்காக வந்தாளா, தனக்காக வந்தாளா? தன் மனசு ஊருக்கே தெரிந்துவிட்டது, ரயில் மேலிடத்துக்குக்கூடத் தெரியும். அவள் மனசு அவருக்கே தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, அம்மனுக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இருபது வருஷம் அந்தப் பயத்திலேயே ஓடிற்று. பாவம் மனுஷன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், நவராத்திரி தொடங்கிய வாரத்தில், யார்டில் ஒரு பெட்டிக் கதவு கழன்று அவர் வலது கையில் விழுந்தது. விரல் போகவில்லை, ஆனால் கை வீங்கி, காய்ச்சலும் கண்டு, கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். வேறு தச்சரைப் பார்க்கலாம் என்றார் பக்கிரிசாமி. வீரம்மா அதெல்லாம் வேண்டாம் என்று உளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இரண்டு நாள் அங்கே தட்டுகிற சத்தமும் வைகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மூன்றாம் நாள் விடியற்காலையில் துளசித் தண்ணீர் கொப்பளித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். அம்பை அவரிடம் காட்டாமலே துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

ரெங்கசாமி வீட்டு வாசலில் ஒரு பெஞ்சியில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் மேளம் கேட்டது, பிறகு நின்றது. கொஞ்ச நேரத்தில் முச்சந்தியில் ஓர் அம்பு திரும்பிற்று. ஆள் நடக்கிற வேகத்தில், இடுப்புயரத்தில், தள்ளாடிக்கொண்டு வந்தது. காய்ந்துகொண்டிருந்த வேட்டியைச் சுற்றிக்கொண்டு, ஒரு நாயை முந்தவிட்டு, அவர் மடியில் வந்து படுத்தது. அவர் இடது கையால் எடுத்துப் பார்த்தார். தச்சர் அல்லவா, முதலில் குறைதான் கண்ணில் பட்டது. தண்டு சரியாக நிமிரவில்லை. மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தது. இறகுகள் மூன்றும் ஒரே பக்கத்தவைதான், ஆனால் கோணலாக ஒட்டியிருந்தன. குங்கிலியம் இன்னும் விரலில் பிசுபிசுத்தது. பிறகு நூலைப் பார்த்தார். பல்லில் கடித்த இடத்தில், எத்தனை கொப்பளித்தும் போகாத வெற்றிலைச் சிவப்பு. அவர் அழுதார். நாய் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

வீரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வாழைக்குப் பின்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றவளைக் கண்டுகொள்ளாமல் அம்பு கோயில் வாசலைத் தாண்டிப் போனபோது ஊரே அவளைத் திரும்பிப் பார்த்திருந்தது. வெட்கத்தில் முகம் இன்னும் சிவந்திருந்தது.

"தச்சு வேலை எனக்கு வராதுன்னு தெரிஞ்சதுதானே. கோணலாப் போயிருச்சு," என்றாள்.

"முடிச்சு நல்லா விழுந்திருக்கு," என்றார் ரெங்கசாமி.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கிரிசாமி பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஆட்கள் வாழைமரத்தைப் பிடுங்கித் தெருவோடு தூக்கிவந்து ரெங்கசாமியின் பெஞ்சிக்கு முன்னால் நட்டார்கள். அம்மனும் பல்லக்கில் பின்னாலேயே வந்தாள். பூசாரி அம்பை வாங்கி மறுபடியும் விட்டார். அது வாழைக்குள் நுழைந்து, வெளியே வந்து, பழையபடி அவர் மடியிலேயே படுத்தது. வாழை வெட்டுண்டது. முதல் தூறல் விழுவதற்குள் அம்மன் கோயிலுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பின் சூளையடிக் கோயிலில் வாழை நடுவதற்கு முன்னால், இந்த வருஷம் அம்பு யார் செய்தது என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. ரெங்கசாமி செய்திருந்தால் வீரம்மா பின்னால் நிற்பாள், வீரம்மா செய்திருந்தால் ரெங்கசாமி நிற்பார். எப்படி இந்த மனுஷனைக் கட்டினாய் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. மழைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை.