நான்காம் நிலைப் பெட்டி

பட்டாணிக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கப் பிடித்த நாள்களில் டைல்ஸ் மேஸ்திரி ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கே தளம் பதித்து, இடுக்கெல்லாம் பூசி, துடைத்தும் கொடுத்திருப்பான்.

பட்டாணி அவன் மகள். ஏழு வயது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னபோது ஒரு நாள் தொண்டை அடைத்துக்கொண்டது. வாசிக்கிற வரைக்கும் நில் என்றார் டீச்சர். கடைசி மணி வரை நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசலைக் கண்டதும் வாந்தி. இரண்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுகூட அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்ல. நோய் பள்ளிக்கூடத்துல இருக்கு" என்றார்.

கல்வி அலுவலகம் ஒரு படிவம் தந்தது. ஒரு பருவம் வீட்டிலேயே படிக்கலாம். முடிவில் அதிகாரி வந்து பார்ப்பார், பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். திருப்தி என்றால் தொடரலாம். இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமை அதே வகுப்பு, அதே டீச்சர். இதை அம்மா படித்துச் சொன்னபோது பட்டாணி எழுந்து போய் வாந்திக்கென்று வைத்திருந்த நீல வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படிவத்தில் 'பாடத்திட்டத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆரம்பித்தது வினை.

பதினோரு கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். பதினொன்றும் இலவச மாதிரிப் பக்கங்களை அனுப்பின. ஒரு கம்பெனியின் அட்டையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது. புத்தகம் பிள்ளைக்குக் கைவிலங்கு, மண்ணே ஆசான் என்று போட்டிருந்தது. தேவையான பொருட்கள்: பூதக்கண்ணாடி, நீர்வண்ணம், அருகில் ஓர் ஓடை.

"நம்மகிட்ட ஓடை இருக்கா?" என்று கேட்டான் மேஸ்திரி.

"பின்னாடி சாக்கடை ஓடுது" என்றாள் மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஒரு கம்பெனிக்குச் சட்டைக் கழுத்துப் பட்டி தைத்துக் கொடுப்பவள். பேசும்போதும் மெஷின் நிற்காது.

"செருப்புக்கு வக்கில்லாம முப்பது வருஷத்துக்கு முன்னாடியே நான் இதே பாடத்திட்டத்துலதான் படிச்சேன். அப்ப யாரும் அட்டையில படம் போடல" என்றான் மேஸ்திரி.

இரண்டாவது கம்பெனி ஒன்பது மணிக்கு அமைதி, ஒன்பது இருபதுக்குக் கவிதை ரசனை, ஒன்பது முப்பத்தைந்துக்குத் தண்ணீர் என்று நாளைத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தது. சிறைச்சாலையில்கூடத் தண்ணீருக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்காது. இன்னொன்று, பாடத்திட்டமே பிள்ளைக்கு எதிரி என்றது. பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளையை வளர்ப்பது எப்படி என்பதை நானூறு பக்கத்தில் விளக்கியிருந்தார்கள். இருந்ததிலேயே விலை கூடியது அதுதான்.

கடைசியில் ஒரு கம்பெனி மேஸ்திரியின் மனசைப் பிடித்தது. ஒரே பெட்டியில் எல்லாம் வரும்: புத்தகம், பயிற்சித்தாள், பென்சில், சீவி. எந்த நிலைப் பெட்டி என்பதை ஒரு பரீட்சைத்தாள் தீர்மானிக்கும். பிள்ளை எழுதி அனுப்ப வேண்டும். பெற்றோர் உதவக் கூடாது. கம்பெனி பெயரை அன்றைக்கே கட்டத்தில் எழுதிப் படிவத்தை அனுப்பினான்.

பட்டாணி நாலு கேள்வி எழுதினாள். ஐந்தாவதில் பூனைக்கு மீசை வரைந்தாள். மீதித்தாள் வெள்ளை.

அந்த வெள்ளைத்தாளைப் பார்க்கப் பார்க்க மேஸ்திரிக்குத் தன் பள்ளிக்கூடமே ஞாபகம் வந்தது. அவன் படித்த காலத்தில் கடைசி வரிசைதான் அவனுக்குப் பட்டா போட்ட இடம். நீ கல்லுடைக்கத்தான் லாயக்கு என்று ஒரு வாத்தியார் சொன்னார். உடைக்கவில்லை, பதிக்கிறான்; வாத்தியார் கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கேள்விகளைப் படித்துப் பார்த்தான். அவனுக்கே முக்கால்வாசி தெரிந்திருந்தது. மனைவிக்குச் சொல்லாமல் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம், நாலாவது மாடியில் கதவு வைக்காத ஒரு வீட்டில், டைல்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பரீட்சை நடந்தது. எழுதியது மேஸ்திரி. பக்கத்தில் பிளம்பர், எதிரே எலக்ட்ரீசியன்.

"பெற்றோர் உதவக் கூடாதுன்னு போட்டிருக்கேண்ணே" என்றான் எலக்ட்ரீசியன்.

"பெத்தவன்தானே உதவக் கூடாது? பிளம்பர் உதவலாம். நீ கேள்வியப் படி" என்றான் பிளம்பர்.

"மூணு மீட்டர் ரிப்பன். இருபத்தஞ்சு சென்டிமீட்டர் துண்டா வெட்டினா எத்தனை?"

"பன்னெண்டு. ஆனா வேஸ்டேஜ் கழிச்சுப் பதினொண்ணுன்னு போடு. சின்னப் புள்ள கைக்கு ஒண்ணு வீணாத்தான் போகும்" என்றான் பிளம்பர்.

மேஸ்திரி பதினொன்று என்று எழுதினான்.

"அடுத்தது. நாய் மிகவும் நல்ல விலங்கு. இது உண்மையா, கருத்தா?"

பிளம்பர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினான். "பொய்னு ஒரு கட்டம் இல்லையா?"

இல்லை. அவனே ஒரு கட்டம் வரைந்து டிக் அடிக்க வந்தபோது மேஸ்திரி தாளைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏண்ணே, பாப்பா எழுதின மாதிரியே விட்டா என்ன ஆகும்?" என்றான் எலக்ட்ரீசியன்.

"ஒண்ணாம் நிலை வரும்."

"வரட்டுமே. ஒண்ணுதானே படிக்கணும்?"

சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று சொல்லி மேஸ்திரி எழுந்துவிட்டான்.

பெட்டி வந்தபோது பருவம் முடிய ஆறு வாரம் இருந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'நான்காம் நிலை'. முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பின்னம். பட்டாணி எட்டிப் பார்த்துவிட்டு வாளி இருக்கும் மூலைக்கு நகர்ந்தாள்.

கம்பெனிக்காரன் யோக்கியன், திருத்திய பரீட்சைத்தாளையும் பெட்டியோடு அனுப்பியிருந்தான். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. மனைவி அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ஓரத்தில் காரை அப்பிய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

"பாப்பா கையெழுத்து ரொம்பத் தேறிடுச்சுங்க. ஏழுக்கு நடுவுல கோடெல்லாம் போடுறா. உங்கள மாதிரியே."

மேஸ்திரி பெட்டியின் மூலை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு அறைக்குத் தளம் போடணும்னா சிமெண்ட் குழைக்கிறதுக்கு முன்னாடி கல்ல வெறும் தரையில அடுக்கிப் பாப்பீங்கல்ல? பொண்ணுக்கு மட்டும் ஏன் நேரா ஒட்டிட்டீங்க?"

"திருப்பி அனுப்பிடலாம்."

"பிரிச்ச பெட்டிய வாங்க மாட்டாங்களாம். அதையும் கொட்டை எழுத்துலதான் போட்டிருக்கான்." அவள் தாளைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "வீட்டுக்குள்ள நடக்கிற பரீட்சைக்கே பிட் அடிச்ச குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பரண் மேல் கிடந்த பதினோரு கம்பெனி மாதிரிப் பக்கங்களையும் இறக்கினாள். தரையில் பரப்பி, எளியது முதலில், கடினம் பின்னால் என்று அடுக்கினாள். ஆட்டுக்குட்டிக் கம்பெனியின் எழுத்துப் பக்கம், தண்ணீர்க் கம்பெனியின் கூட்டல் பக்கம், பெட்டிக்காரனே முன்பு அனுப்பிய முதல் நிலைக் கதை ஒன்று. எல்லாவற்றையும் ஓரம் தட்டி, தடித்த ஊசி மாற்றி, மெஷினில் கொடுத்து ஒரே அடியாக அடித்தாள். புத்தகம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'மாதிரி' என்று அச்சடித்திருந்தது. பட்டாணிக்கு அது உறுத்தவில்லை. மெஷின் சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தாள். அந்தச் சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்காது, அதனால்தான் வாசித்தாள்.

அதிகாரி அம்மாள் ஒரு வியாழக்கிழமை வந்தார். வந்ததும் மெஷினை நிறுத்தச் சொன்னார். படிவத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பெட்டியைக் கேட்டார். திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே பரீட்சைத்தாள். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"ஏழு வயசுல நாலாம் நிலையா? இந்தப் பிள்ளைய வீட்டுல பூட்டி வச்சிருக்கீங்களே. மேதைப் பிள்ளைங்களுக்குன்னு அதே பள்ளிக்கூடத்துல தனி வகுப்பு இருக்கு. நானே சிபாரிசு பண்றேன். திங்கட்கிழமை சேர்த்துடலாம்."

பட்டாணி எழுந்து போய் நீல வாளியோடு திரும்பி வந்தாள்.

மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள். தளத்தில் முதல் வரிசைக் கல் கோணினால் கடைசி வரிசை சுவருக்குள் போய் முட்டும். நடுவில் சரிக்கட்ட முடியாது. பெயர்த்துத்தான் ஆக வேண்டும். இது அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மேடம், அந்தப் பரீட்சைய எழுதினது நான்."

"நீங்க சொல்லச் சொல்லப் பாப்பா எழுதினாளா?"

"இல்ல மேடம். நான் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். கணக்குக்கு மட்டும் பிளம்பர்."

அதிகாரி பேனாவை மூடினார். முப்பது வருஷ வேலையில் இந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் அவர் பார்த்ததில்லை. "அப்ப பிள்ளை இவ்வளவு நாளா என்னதான் படிச்சா?"

மனைவி தைத்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் பென்சில் எழுத்து. அழித்து எழுதியது, கோணல், மறுபடி எழுதியது.

"இந்தப் பாடத்திட்டத்துக்குப் பேர் என்ன?"

"ஓசி, மேடம்."

"எழுதியிருக்கா, சரி. வாசிக்கிறத நான் காதால கேக்கணும். அது விதி." புத்தகத்தைப் பட்டாணியிடம் நீட்டினார். பட்டாணி வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்ற அறையில் குரலை ஒளிக்க ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அதிகாரி மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"சரி, நீங்க எழுதினதுன்னு நான் எப்படி நம்புறது? இத வாசிங்க." நான்காம் நிலைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தார்.

மேஸ்திரி எழுந்து நின்றான். யாரும் நிற்கச் சொல்லவில்லை; புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கால் தானாக நின்றது. எறும்பைப் பற்றிய பாடம். விரலை வைத்து, கல் பதிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். ஒரு வரி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது விரல் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது.

"அப்பா, ஒரு வரி விட்டுட்ட. அர்த்தம் சேரல."

வாளிக்குள்ளிருந்து வந்தது குரல். பிறகு தலை வந்தது. பட்டாணி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துப் புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

"'எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கும். பாதையில் கல் கிடந்தால் சுற்றிக்கொண்டு போகும்.' இத விட்டுட்டா அடுத்தது எப்படிப் புரியும்?"

"இன்னும் ரெண்டு வரி வாசிம்மா" என்றார் அதிகாரி, மெல்ல.

"அது அப்பாவோட பாடம். அப்பாதான் வாசிக்கணும்" என்றாள் பட்டாணி. ஆனால் மேஸ்திரி அதற்கு அடுத்த சொல்லிலேயே சிக்கிக்கொண்டதால், பொறுக்க முடியாமல் அதையும் அவளே வாசித்தாள்.

அதிகாரி படிவத்தில் கம்பெனி பெயரை அடித்தார். கட்டத்தில் 'தாயார் தைத்தது' என்று எழுதி, இன்னொரு பருவத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"அந்தப் பெட்டிய வீணாக்காதீங்க. கம்பெனி தப்பு பண்ணல. யார் எழுதினாங்களோ அவங்களுக்குச் சரியான நிலையைத்தான் அனுப்பியிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி பின்னத்தின் முதல் பயிற்சித்தாளை எழுதினான். பத்துக்கு ஆறு. பட்டாணி சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"தெரியலன்னா காலியா விடுப்பா. பிளம்பர் மாமாகிட்ட கேட்டு எழுதாத."