மூடிக்குள் ஒரு பெயர்

கால்வாய் நீரில் இளங்கதிர் பொன்னிழை பரப்ப, மூங்கில் சூழ்ந்த சரிவில் நெடும்பாம்பெனப் படுத்திருந்த சூளை, உண்ட நெருப்பெல்லாம் செரித்துச் சூடாறிக் கிடந்த அக்காலையில், மட்கெண்டிக்குப் பேர்போன திங்ஷு நகரமே அதன் வாயருகே கூடிக் கலகலத்தது, அன்பரே! ஒருத்திக்கு மட்டும் நெஞ்சு துருத்தியாய் அடித்துக்கொண்டது.

அவள் யுவேலான். செவ்வூதா மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து வயிறாக்கி, கொம்புச் சீவுளியால் நீவி நீவி, பனிபடர்ந்த பேரிக்காய்போல் அவள் சமைக்கும் தேநீர்க் கெண்டிகளின் அடியிலெல்லாம் கணவன் பாவ்ரென்னின் முத்திரையே பதியும். தன் பெயரையும் பதிக்கட்டுமா என மும்முறை கேட்டாள்.

"உன் பேரப் போட்டா எவன்டி வாங்குவான்? டீயே ஆறிப்போயிடும்!" என்று மும்முறையும் சிரித்தான் அவன்.

நான்காம் முறை அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு கெண்டியின் மூடிக்கு உட்புறம், நகக்கண்ணளவில் தன் பெயரை அழுத்திச் சூளையேற்றிவிட்டாள். வெந்து வந்ததும் தனக்கென ஒளித்துக்கொள்வதாய் எண்ணம்.

ஆனால் சூச்சோவிலிருந்து படகேறி வந்த தேநீர்விடுதித் தலைவி ஃபெங் அம்மையாரின் கை, நூறு கெண்டிகளுக்கிடையே அதையே எடுத்தது! எடை ஒருபுறம் சரியாத கைநேர்த்தி உண்டா என்றறிய நீர்த்தொட்டியில் விட்டார், அன்னக்குஞ்செனச் சற்றும் சாயாமல் மிதந்தது.

"ஆத்தாடி! யாரு கை இது?"

"எங்கைதாம்மா! மூடியிலேர்ந்து மூக்கு வரைக்கும் நானே செஞ்சது!" மார்பை நிமிர்த்தினான் பாவ்ரென்.

"எங்க, மூடியத் தொற பாப்போம்."

திறக்கவில்லை. நெருப்பில் மூடியும் வாயும் இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.

"அண்ணே, நீ செஞ்சதுதானே? உன் பேச்சயே கேக்க மாட்டேங்குதே!" என்று கூட்டத்தில் ஒருவன் கூவ, நாணமும் சினமும் தலைக்கேறிய பாவ்ரென் மூடியின் குமிழை வெறிகொண்டு திருகலானான். இன்னும் ஒரு திருகில் குமிழ் ஒடியும்; கெண்டி பாழாகும்; யுவேலானின் களவும் அதனுடன் மறைந்தொழியும். வாய் மூடி நின்றால் போதும், அவள் தப்பினாள்!

"ஏங்க, விடுங்க! ஒடிஞ்சிரும்!"

பாய்ந்து பறித்தாள். கெண்டியை மார்போடணைத்து, மரக்கோலால் கைப்பிடியை மெல்லத் தட்டினாள், செவி சாய்த்தாள், மீண்டும் தட்டினாள். மணியென ஓரொலி எழ, மூடி விடுபட்டது.

அதை வாங்கித் திருப்பிப் பார்த்த அம்மையாரின் புருவம் உயர்ந்தது.

"யுவேலான்... ஏம்ப்பா பாவ்ரென், உனக்கு இப்படியொரு பேரா?"

அவன் காதுகள் செம்மண்ணாய்ச் சிவந்தன. மனைவியைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான்.

"வீட்ல... அப்படித்தாம்மா கூப்புடுவாங்க."

சூளையே இடியும்படி எழுந்தது சிரிப்பு.

"அப்ப இதே பேருல நாப்பது குடு. பேரு அடியில பெருசா இருக்கணும். மூடியத் தொறந்து தேட எனக்குக் கண்ணு பத்தாது!" என்றார் அம்மையார்.

கொதிநீரில் அலசிய அக்கெண்டியிலேயே தேநீர் இறக்கி, முதற்கிண்ணத்தைப் பாவ்ரென்னிடமே நீட்டினாள் யுவேலான். அவசரமாய் உறிஞ்சியவன் துள்ளினான்.

"சுடுதுடீ!"

"ஆறலியா?" என்றாள் அவள், கண்ணிமைக்காமல்.

மண்ணுக்கு முத்திரை தெரியாது, அன்பரே. தன்னை வருடிய விரலைத்தான் தெரியும். அன்று மாலை, நாக்கு வெந்த பாவ்ரென், வாயிற்படியில் அமர்ந்து, மனைவியின் பெயரை முத்திரைக்கென ஒரு மரத்துண்டில் பெரிதாகச் செதுக்கிக்கொண்டிருந்தான்.