மேட்டில் நின்ற லாரி

விடியுமுன் பெய்து ஓய்ந்த மழையில் மார்க்கெட் தெருக் குப்பை இரண்டு மடங்கு கனத்திருந்தது. அழுகிய தக்காளியும் கோசு இலையும் வாழை மட்டையும் கூழாகிக் கிடந்தன. மண்வெட்டியைப் போட்டு இழுத்தால் தரையை விட்டு வர மறுத்தன. நானும் ஹுலிகெவ்வாவும் ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவோம். லாரி மேல் நிற்கிறவள் வாங்கிக் கொட்டுவாள். கூடையிலிருந்து ஒழுகும் சாறு முழங்கை வழியே இறங்கி ரவிக்கைக்குள் போகும். கால்வாய்க்கரையிலிருந்து மில் கேட் வரைக்கும், ஊர் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் நாங்கள் சுத்தம் செய்து முடித்திருக்க வேண்டும்.

நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டது. புகைதான் பழகவில்லை.

டிரைவர் மைலாரி வண்டியைக் கிளப்பினால் அது முதலில் இருமும். பிறகு பின்னால் நிற்கும் எங்கள் முகத்தில் கரியை அள்ளிக் கொட்டும். துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். கட்டிவைத்த சோள ரொட்டியைப் பிரித்தால் அதன் மேலும் கரி. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி நகராது. ஒரு கணம் தயங்கும், விக்கும், அப்புறம் புகையைக் கக்கிவிட்டு ஒரே உதறலாகப் பாயும். பின்னால் கம்பியைப் பிடித்திருப்பவர்கள் அந்த உதறலுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே குப்பை மேடு. அதன் ஏற்றத்தில் சுமையோடு போகும்போது பாதியிலேயே எஞ்சின் திணறும். அப்போது ஹுலிகெவ்வா குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைப்பாள். மைலாரி மறுபடி கிளப்புவான். கல்லை எடுத்துக்கொண்டு அவள் கூடவே நடப்பாள். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. எங்களில் கால் சுறுசுறுப்பு அவளுக்குத்தான் அதிகம், அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கியபோது மைலாரி, சுமையிறக்கிய கையோடு லாரியை மெக்கானிக் மக்தூமின் பட்டறைக்கு ஓட்டிப் போனான். நாங்களும் வண்டியிலேயே இருந்தோம்.

"புகை என்ன நெறம்?" என்றார் மக்தூம்.

"நம்ம மூஞ்சியப் பாருங்க பாய், தெரியும்" என்றாள் ஹுலிகெவ்வா.

அவர் சிரித்தார். "நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். கறுப்புன்னா டீசல் முழுசா எரியல. ஒண்ணு தீனி ஜாஸ்தி, இல்ல மூச்சு கம்மி."

ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். குப்பை மேட்டின் புழுதி முழுவதும் அதில் அடையாகப் பிடித்திருந்தது. "மூச்சே விட முடியல இதுக்கு" என்றார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். புகை கொஞ்சம் குறைந்தது, விக்கல் நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்து டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதல் குழாயைத் தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் தாழ்ந்து நடுங்கியது. இறுக்கினார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை.

"பாத்தியா? இவன் வேலையே செய்யல. மத்த மூணு பேரும் சொமக்குறாங்க, இவன் சும்மா கூட வர்றான்."

"நம்ம சூப்பர்வைசரு மாதிரி" என்றாள் ஹுலிகெவ்வா. மைலாரி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

மக்தூம் மட்டும் சிரிக்கவில்லை. டீசல் பம்ப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இதோட கம்பெனி சீல ஒடைச்சு, டீசல் அளவு ஸ்குரூவத் திறந்து விட்டிருக்காங்க. யாரு?"

"காண்ட்ராக்டர் சாவ்கார் சொல்லித்தான்" என்றான் மைலாரி. "இழுவை இல்லன்னதுக்கு, டீசலை இன்னும் ஊத்துடான்னாரு."

"டீசலைப் பீச்சுற நாசில் ஒழுகுது. அதுக்கு இன்னும் ஊத்தினா புகைதான் வரும், இழுவை வராது. நாசிலை மாத்தணும், பில்டரை மாத்தணும், பம்ப்ப சரிபண்ணணும். மேட்டுல எஞ்சின் நின்னுச்சுன்னா பிரேக்கும் கட்டையாயிடும் தம்பி. காலால மிதிச்சு நிக்காது. சொல்லிடு."

மைலாரி சொன்னான். நாங்களும் கூடவே போய் நின்றோம். காண்ட்ராக்டர் வீரபத்ரப்பா காரிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"வண்டி ஓடுதா, இல்லியா?"

"ஓடுது சாவ்கார். ஆனா புகை..."

"புகை வந்தா முந்தானையால மூடிக்கச் சொல்லு."

"மூடிக்கிறோம்" என்றாள் ஹுலிகெவ்வா. "மேட்டுல நின்னுடுதே சாவ்கார், அதுக்கு எதை மூடுறது?"

"அதுக்குத்தான் கல்லு இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அதன் பிறகு மழைக்காலம் முழுவதும் கல்தான் அந்த லாரியின் பிரேக்காக இருந்தது.

அந்த மார்க்கெட் குப்பையை ஏற்றிப் போன காலையில் மேட்டுப் பாதை சேறாக இருந்தது. பாதி ஏறியதும் லாரி விக்கியது. கறுப்பாக ஒரு பெரும் புகை எழுந்து எங்களை மூடியது. சத்தம் அப்படியே அடங்கிப்போனது. ஹுலிகெவ்வா குதித்ததை நான் பார்க்கவில்லை, புகைக்குள் அவள் வளையல் ஒலிதான் கேட்டது. "நிக்கல! நிக்கல!" என்று மைலாரி உள்ளிருந்து கத்தினான். வண்டி மெதுவாகத்தான் பின்னால் உருண்டது. அவள் கல்லை வைத்துத்தான் இருந்தாள். கல் சேற்றில் அழுந்திவிட்டது.

லாரி பின்புறமாகக் குப்பைக் குவியலில் மோதி நின்றது. புகை விலகியபோது அவள் சக்கரத் தடத்தில் கிடந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. "ஹுலிகி, ஏ ஹுலிகி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சூடு குறையும் வரை கூப்பிட்டேன்.

மதியத்துக்குள் போலீஸ் மைலாரியைக் கொண்டுபோனது. குடித்துவிட்டு ஓட்டினானாம். கழுத்தில் துளசி மாலை போட்டவன், பீடிகூடப் பிடிக்காதவன்.

அவளைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது வீரபத்ரப்பா எங்கள் காலனிக்குள் முதல்முறையாகக் கால் வைத்தார். ஹுலிகெவ்வாவின் மகள் ரேணவ்வா சுவரோரம் இருந்தாள். பஞ்சாலையில் வேலை செய்கிற பெண். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அவளிடம். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

"நடந்தது நடந்துபோச்சும்மா" என்றார் அவர். "உங்கம்மா வேலைய ஒனக்கே போட்டுத் தர்றேன். மைலாரி குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ரேணவ்வா நிமிர்ந்தாள். "எங்கம்மா வேலைன்னா எது சாவ்கார்? கல்லு வைக்கிறதா?"

அவர் செருப்பைத் தேடினார். அவர் போன பிறகுதான் அவள் என் மடியில் விழுந்து அழுதாள்.

மறுநாள் காலை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து லாரியைப் பார்ப்பார் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் மேட்டுக்குப் போனோம். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளைக் காணோம். லாரியின் பானட் திறந்திருந்தது. வீரபத்ரப்பா பக்கத்தில் நின்றார். மக்தூம் கையில் புது நாசில், புது பில்டர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் புதிதாக மாட்டிவிட்டால் வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. மிச்சமிருக்கும் கோளாறு மைலாரிதான்.

ரேணவ்வா நேராகப் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் லாரியைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பம்பர் மேல் ஏறி பானட்டை இறக்கி மூடினார்கள்.

"என்னடி கூத்து இது?" என்று கத்தினார் வீரபத்ரப்பா. "ரிப்பேர் பண்ணு, ரிப்பேர் பண்ணுன்னு உசுர வாங்கினீங்க. பண்ண வந்தா மறிக்கிறீங்க!"

"உசுர வாங்கினது யாரு சாவ்கார்?" என்றேன். "இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும். அடைச்ச பில்டரைப் பாக்கட்டும், ஒழுகுற நாசிலைப் பாக்கட்டும். அப்புறம் தங்கத்துலகூட மாட்டுங்க."

"மக்தூம், நீ வேலையப் பாரு. இவளுகளத் தாண்டிப் போ."

மக்தூமின் பட்டறை அவருடைய லாரிகளால்தான் ஓடுகிறது. எங்களுக்கு அது தெரியும். அவர் ரேணவ்வாவைப் பார்த்தார். புது நாசிலையும் பில்டரையும் வீரபத்ரப்பாவின் கார் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"நான் ஏற்கெனவே கழட்டிப் பாத்தாச்சு சாவ்கார். என்ன பாத்தேன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாச் சொல்லுவேன்."

"ஒன் கடைய இழுத்து மூடிருவேன்!"

"மூடுங்க" என்றார். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

வீரபத்ரப்பா போனில் யார் யாரையோ கூப்பிட்டார். நாளையிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள் என்றார், காலனியில் தண்ணீர் வராது என்றார். அவர் செய்யக்கூடியவர். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. வெயில் ஏறியது. இன்ஸ்பெக்டர் வரவில்லை. மைலாரி உள்ளேதான் இருந்தான்.

அப்போது பஸ் ஸ்டாண்ட் வார்டின் லாரி சுமையோடு மேட்டடியில் வந்து நின்றது. அதன் டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, துடைப்பத்தோடு மேலே ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஒக்காரணும்?"

"தெரியாதுக்கா" என்றாள் ரேணவ்வா. என் பக்கம் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.